நோட்டில் நிற்கும் தமிழ்

மொரீஷியஸ் என்றதும் நம்மில் பலருக்கு இரண்டு செய்திகள்தாம் நினைவுக்கு வரும். ஒன்று, இந்தியாவுக்குள் அந்நிய முதலீடு வரும் வழி அது என்பது. மற்றொன்று, அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது என்பது. இரண்டாவதைச் சொல்லும்போது நமக்குச் சற்றுப் பெருமிதம் உண்டாவதும் இயற்கையே. ஆனால் அந்த நோட்டைக் கையில் வைத்திருக்கும் மொரீஷியஸ் தமிழர்களில் எத்தனை பேர் அதிலுள்ள தமிழைப் படிப்பார்கள் என்று நாம் கேட்பதில்லை. கேட்கத்தான் வேண்டும். தமிழ்நாட்டுக்கு வெளியே பிள்ளை வளர்க்கும் நம்மையும் அந்தக் கேள்வி தொடுகிறது.

முதலில் நாட்டைப் பார்ப்போம். மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்துமாக்கடலில் உள்ள தீவு நாடு. பரப்பு சுமார் 2,040 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை 12 லட்சத்துக்குச் சற்று மேல். பூர்வகுடிகள் என்று அங்கே எவரும் இல்லை. டச்சுக்காரர் 1598-இல் வந்தனர். 1715-இல் பிரெஞ்சுக்காரரும் 1810-இல் ஆங்கிலேயரும் பிடித்தனர். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகள் கொண்டுவரப்பட்டனர். பிரெஞ்சு ஆட்சியிலேயே புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்கள் அங்கு போய்ச் சேர்ந்தனர். அடிமை முறை 1835-இல் ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து நான்கரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்டனர். அவர்கள் கால் வைத்த போர்ட் லூயி துறைமுகப் படிக்கட்டு 'ஆப்ரவாசி காட்' என்ற பெயரில் 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. இன்று அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இந்திய வழியினர்.

பொருளாதாரத்தில் அந்நாடு வளர்ந்த விதம் வியப்புக்குரியது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் ஜேம்ஸ் மீட் 1961-இல் அதன் எதிர்காலம் பற்றி நம்பிக்கையின்றியே எழுதினார். ஒரே பயிர் கரும்பு, பெருகும் மக்கள், எண்ணெயோ கனிமமோ கிடையாது, வேறென்ன எழுதுவார்? 1968 மார்ச் 12-இல் சுதந்திரம் பெற்ற நாடு 1970-இல் ஏற்றுமதித் தொழில் மண்டலம் தொடங்கியது. ஆயத்த ஆடை, சுற்றுலா, பிறகு நிதிச் சேவை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கால் ஊன்றியது. 1977 முதல் உயர்நிலைப் பள்ளிக் கல்வியும் இலவசமாயிற்று. துணி ஏற்றுமதிக்கான உலக ஒதுக்கீட்டு முறை 2005-இல் முடிவுக்கு வந்ததும், மறு ஆண்டிலிருந்து ஐரோப்பா சர்க்கரை விலையை 36 சதவீதம் குறைக்கத் தொடங்கியதும், இந்தியா தன் வரி ஒப்பந்தத்தை 2016-இல் திருத்தியதும் அடுத்தடுத்து விழுந்த அடிகள். ஆயினும் 2020-இல் உலக வங்கி அதை உயர் வருமான நாடுகளில் சேர்த்தது. கொரோனாக் காலச் சரிவால் மறு ஆண்டே அந்த இடம் போயிற்று.

பத்திரிகைத் துறையும் பழமையானது. முதல் செய்தித்தாள் 1773-இல் வெளிவந்தது. 1908-இல் தொடங்கிய 'லெ மொரீசியன்', 1963-இல் தொடங்கிய 'லெக்ஸ்பிரஸ்' இரண்டும் பிரெஞ்சு நாளேடுகள். இந்தியத் தொழிலாளர்களுக்காக வாதாடப் போன மணிலால் டாக்டர் 1909-இல் 'இந்துஸ்தானி' இதழைத் தொடங்கினார். அங்குள்ளவர்கள் கருத்துரிமையை எளிதில் விட்டுக்கொடுப்பவர்கள் அல்லர். 2024 தேர்தலுக்குச் சில நாள் முன்பு, ஒட்டுக்கேட்கப்பட்ட தொலைபேசி உரையாடல்கள் வெளியானதும் அரசு சமூக ஊடகங்களை முடக்கியது; எதிர்ப்பு எழவே மறுநாளே ஆணையைத் திரும்பப் பெற்றது. நவம்பர் 10 தேர்தலில் நவீன் ராம்கூலம் தலைமையிலான அணி 62 இடங்களில் 60-ஐக் கைப்பற்றியது. 1965-இல் பிரிட்டன் பிரித்தெடுத்துக்கொண்ட சாகோஸ் தீவுகளைத் திருப்பித் தருவதற்கான ஒப்பந்தம் 2025 மே 22-இல் கையெழுத்தாயிற்று.

இப்படிப்பட்ட நாட்டில் தமிழின் நிலை என்ன? 1998-இல் வெளியிட்ட புதிய நோட்டுகளில், அதுவரை தமிழுக்கு முன்பாக வராத இந்தி முன்னால் அச்சாகி வந்தது. தமிழர்கள் கொதித்தெழுந்தனர். அரசு பணிந்தது, நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையில் மீண்டும் அச்சாயின. தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை. பள்ளிகளில் விருப்பப் பாடமாகத் தமிழ் உண்டு. மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திலும் உண்டு.

வீட்டிலோ நிலை வேறு. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வீட்டில் பேசுவது கிரியோல். அலுவலகத்தில் ஆங்கிலம், செய்தித்தாளில் பிரெஞ்சு, அடுப்படியில் கிரியோல் என்றானபின் தமிழுக்குக் கோயிலும் நோட்டும்தான் மிஞ்சின. முத்து 'மூட்டூ' ஆனார். சின்னத்தம்பி 'சினதாம்பு' ஆனார். பக்தியோடு காவடி எடுப்பவர் பலருக்குத் தாம் பாடும் பாட்டின் பொருள் விளங்குவதில்லை.

இதற்காக அவர்களைக் குறை சொல்வது பாவம். தாய்நாட்டுக் கடிதம்கூட வந்து சேராத தோட்டங்களில், பல மொழிக்காரர் நடுவே, கங்காணியின் கீழ் உழைத்தவர்கள் அவர்கள். எல்லோரையும் இணைத்த மொழியைப் பற்றிக்கொண்டே குடிமக்களாக உயர்ந்தார்கள். அத்தனைக்குப் பிறகும் நோட்டிலுள்ள எழுத்துக்காகத் தெருவில் இறங்கினார்கள் என்பதுதான் பெரிய செய்தி.

நமக்கு என்ன சாக்கு இருக்கிறது? ஓரிரவு ரயிலேறினால் ஊர். தொலைபேசியில் பாட்டி. வீட்டுக்குள் தமிழ்த் தொலைக்காட்சி. ஆயினும் நம் பிள்ளைகளில் பலர் தமிழைக் காதால் புரிந்துகொண்டு இந்தியிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்கிறார்கள். நாமும் சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறோம். பெங்களூரு அல்சூரில் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்த வள்ளுவர் சிலை 2009-இல் திறக்கப்பட்டபோது மகிழ்ந்தோம். மகிழ வேண்டியதே. ஆனால் சிலையடியில் நின்று ஒரு குறளைப் பிழையின்றிப் படிக்க நம் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியுமா?

குடிபுகுந்த மண்ணின் மொழியைக் கற்பது நம் கடமை. மராத்தியோ கன்னடமோ வங்காளமோ நன்றாகவே கற்கட்டும். அதற்காகத் தமிழைக் கைவிட வேண்டியதில்லை. சங்கங்கள் ஆண்டு விழா மேடைக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஒதுக்கட்டும். பெற்றோர் இரவுச் சாப்பாட்டு நேரத்திலாவது தமிழிலேயே பேசட்டும். மாதம் ஒருமுறை தாத்தா பாட்டிக்குக் குழந்தை தன் கையால் நாலு வரி எழுதட்டும்.

நோட்டில் தமிழை நிறுத்தப் போராட்டம் போதும். நாவில் நிறுத்துவதற்கு நாள்தோறும் பேச வேண்டும். அதை எந்த அரசும் நமக்காகச் செய்யாது.