இழுத்தால் மட்டும் போதுமா?

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் பலருக்குத் தூண்டில் மீன்பிடிப்பு விருப்பமான பொழுதுபோக்காகும். கிள்ளான் துறைமுகம், கேரித் தீவு, கோல சிலாங்கூர் ஆகிய இடங்களுக்குச் சொந்தப் படகோடு செல்ல விரும்புவோரும் உள்ளனர். வீட்டில் இருப்பதோ சிறிய மகிழுந்து. “வண்டிதான் இழுக்கிறதே, பிறகென்ன கவலை?” என்று சிலர் கேட்கலாம். தன்னைவிடக் கனமான படகைச் சிறிய மகிழுந்து சாலையில் இழுத்துச் செல்லக்கூடாது என்பதே என் கருத்து.

சிறிய மகிழுந்தால் படகை நகர்த்த முடியும் என்பது உண்மைதான். சமதரையில் சக்கரங்கள் உருளக் குறைந்த விசையே போதும். பழுதாகி நின்ற மகிழுந்தை ஓரிருவர் தள்ளிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். எனவே, புறப்படுவது பெரிய சோதனையன்று, நிறுத்துவதே சோதனை.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். மைவி போன்ற சிறிய மகிழுந்தின் எடை ஏறத்தாழ 1,000 கிலோகிராம். படகு, அதன் இயந்திரம், எரிபொருள், இழுவை வண்டி ஆகியவை சேர்ந்து 1,500 கிலோகிராம் என்று கொள்வோம். மொத்த எடை 2,500 கிலோகிராம். அதே வேகத்தில் செல்லும்போது இயக்க ஆற்றல் இரண்டரை மடங்காகிறது. அவ்வளவையும் ஒரு சிறிய வண்டியின் பிரேக் தாங்க வேண்டும். காராக் நெடுஞ்சாலை போன்ற மலைச்சாலையின் நீண்ட இறக்கங்களில் பிரேக் அளவுக்கு மீறிச் சூடேறினால் அதன் பிடிப்புக் குறையும். வேகமும் ஆபத்தைப் பெருக்கும். மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 110 கிலோமீட்டருக்கு உயர்ந்தால் இயக்க ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும்.

அடுத்து, தடுமாற்றம். படகின் எடை பின்பக்கம் மிகுந்திருந்தால் இழுவை வண்டி இடமும் வலமும் ஆடத் தொடங்கும். முன்னே செல்லும் வண்டி கனமாக இருந்தால் அவ்வாட்டத்தை ஓரளவு அடக்கும். இலேசாக இருந்தால், படகு வண்டியையே திசை திருப்பிவிடும்.

படகுத் துறையிலும் சிக்கல் உண்டு. சிறிய மகிழுந்துகளில் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இயங்குபவை. பாசி படிந்த சரிவில் படகை மேலே இழுக்கும்போது பாரம் பின்புறம் சாய்கிறது. முன்சக்கரங்கள் பிடிப்பின்றிச் சுழல்கின்றன.

இழுவை வண்டிக்குத் தனி பிரேக் பொருத்தினால் போதாதா எனக் கேட்கலாம். அது நல்ல ஏற்பாடே. ஐரோப்பிய ஒன்றியத்தில் 750 கிலோகிராமுக்கு மேற்பட்ட இழுவை வண்டிகளுக்கு அது கட்டாயமாகும். ஆயினும், தனி பிரேக் இருந்தாலும் இழுவையின் எடை மகிழுந்தின் எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டாதிருப்பது நல்லது எனப் பிரிட்டனில் புதியவர்களுக்கு அறிவுறுத்துகிறார்கள். நம் கணக்கிலோ அது 150 விழுக்காடு!

மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு தாங்காது என வள்ளுவர் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் உணர்த்தியுள்ளார். இங்கோ அச்சு முறிவதோடு கேடு நின்றுவிடாது. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் செல்வோர். கட்டுப்பாட்டை இழந்த படகு அவர்கள்மீதுதான் முதலில் பாயக்கூடும்.

ஆகவே, உற்பத்தியாளரின் கையேட்டில் உள்ள இழுவை வரம்பை முதலில் பாருங்கள். வரம்பு போதாவிட்டால் பொருத்தமான வண்டியை ஏற்பாடு செய்யுங்கள். அல்லது துறையிலேயே படகை வாடகைக்கு எடுங்கள். பொழுதுபோக்கு நம்முடையது, சாலையோ எல்லாருக்கும் உரியது.