பத்து ரூபாய்த் தேநீர் சொல்லும் உண்மை

விமானம் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக வந்துவிட வேண்டும்; வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் மூன்று மணி நேரம் முன்னதாக. பாதுகாப்புச் சோதனை முடிந்து உள்ளே சென்றபின் பசித்தால், அங்குள்ள கடைதான் கதி. அது சொல்வதுதான் விலை. அண்மையில் தனியார் நடத்தும் ஒரு பெருநகர விமான நிலையத்தில், துரித உணவகம் ஒன்றின் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் வளைகுடாவுக்கு வேலைக்குச் செல்லும் தொழிலாளி. விலைப்பலகையை இருமுறை படித்துவிட்டு, எதுவும் வாங்காமல் விலகிச் சென்றார். நகரத்துக் கிளையில் விற்கும் அதே பர்கர், இங்கு ஏறத்தாழ இரு மடங்கு விலை. உங்களுக்குச் சாப்பாடு இங்கேதானா என்று கல்லாவில் நின்ற இளைஞரைக் கேட்டேன். வீட்டிலிருந்து கட்டிவந்த சப்பாத்தி என்றார்.

இது ஏதோ ஒரு கடைக்காரரின் பேராசை அல்ல, கொள்கையின் விளைவு. 2006ஆம் ஆண்டில் தில்லி, மும்பை விமான நிலையங்கள் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டன. அதை எதிர்த்து விமான நிலைய ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இடதுசாரிகள் உடன் நின்றனர். 2019 ஏலத்தில் அகமதாபாத், லக்னோ, திருவனந்தபுரம் உள்ளிட்ட ஆறு நிலையங்கள் 50 ஆண்டுகளுக்கு அதானி குழுமத்தின் கைக்குச் சென்றன. கேரள அரசின் எதிர்ப்பை ஒன்றிய அரசு பொருட்படுத்தவில்லை.

இலாபம் வரும் வழியையும் பார்க்க வேண்டும். 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறை ஆணையம், விமானம் சார்ந்த கட்டணங்களை மட்டுமே நிர்ணயிக்கிறது. தேநீர் விலை அதன் வரம்புக்குள் வராது. 2016ஆம் ஆண்டின் விமானப் போக்குவரத்துக் கொள்கை ஏற்ற முறைப்படி, உணவகம், கடை, விளம்பரம் முதலியவற்றின் வருவாயில் 30 சதவீதம் மட்டுமே பயணிகள் மீதான கட்டணத்தைக் குறைக்கக் கணக்கில் கொள்ளப்படுகிறது. எஞ்சிய 70 சதவீதம் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. கடை நடத்துபவரோ விற்பனையில் ஒரு பங்கை நிலைய நிர்வாகத்துக்குச் செலுத்துகிறார். அந்தச் சுமை விலைப்பலகையில் ஏறுகிறது. விலை உயர உயர நிர்வாகத்தின் பங்கும் உயர்கிறது. இந்நிலையில் விலையைக் குறைக்க யாருக்கு அக்கறை பிறக்கும்?

சந்தை விலை அப்படித்தான் இருக்கும் என்பார்கள். வெளியேற வழியற்ற கூடத்தில் சந்தை ஏது? பொதுத்துறையான விமான நிலைய ஆணையம், 2024 டிசம்பரில் கொல்கத்தா நிலையத்தில் மலிவு விலை உணவகம் ஒன்றைத் திறந்தது. தேநீர் 10 ரூபாய், குடிநீர் 10 ரூபாய், சமோசா 20 ரூபாய். 2025 பிப்ரவரியில் சென்னையிலும் திறக்கப்பட்டது. நாடாளுமன்றத்தில் குரல் எழும்பிய பின்னரே இது நடந்தது என்பதை மறக்கலாகாது. முடியாது என்று சொல்லப்பட்டது முடிந்திருக்கிறது. விலையைத் தீர்மானிப்பது செலவு மட்டுமல்ல, யாருக்காக நிலையம் நடத்தப்படுகிறது என்பதும்தான்.

ரப்பர் செருப்பு அணிந்தவரும் விமானத்தில் பறக்க வேண்டும் என்று 2017இல் பிரதமர் முழங்கினார். பறக்கும் முன் அவர் பசியாற வேண்டாமா? ஒரு மூலையில் ஒரு கடை என்பது சலுகை, தேவைப்படுவது உரிமை. தனியார் நிலையங்கள் உட்பட அனைத்திலும், ஒவ்வொரு முனையத்திலும் மலிவு விலை உணவகம் கட்டாயமாக்கப்பட வேண்டும். அங்கு உழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் அதே விலையில் உணவு கிடைக்க வேண்டும். கடைகளின் வருவாய் முழுவதும் பயணிகள் கட்டணத்தைக் குறைக்கப் பயன்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சியுள்ள நிலையங்களைத் தாரைவார்ப்பது நிறுத்தப்பட வேண்டும். மக்கள் பணத்தில் எழுந்த கூடத்தில் உழைப்பாளி பசியோடு அமர்ந்திருப்பது வளர்ச்சி ஆகாது.