தாத்தா கல்யாண போட்டோ எங்கே இருக்கு?

திருவாண்டார்கோயில் பஞ்சநதீஸ்வரர் கோயிலுக்குப் போனால், சோழர்காலக் கல்வெட்டை இன்னிக்கும் சுவரிலேயே பார்க்கலாம். ஆனா, அதே ஊர் தாத்தா ஒருத்தரோட கல்யாண போட்டோ? ஸ்டூடியோக்கள் மூடியபோது நெகட்டிவ் எல்லாம் பழைய சாமானாகப் போச்சு. வெள்ளிக்காகவே விற்கப்பட்டதும் உண்டு.

மிச்சமிருந்த தமிழ் ஸ்டூடியோ படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். பணம் தந்தது, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டம். படங்களை ஆன்லைனில் இலவசமாகப் பார்க்கலாம். பெயின்ட் செய்த திரை, விறைப்பான முகங்கள்... நாற்காலியில் உட்கார்ந்தது யார், பின்னால் நின்றது யார்னு பார்த்தாலே வீட்டில் யார் பேச்சு எடுபட்டதுன்னு தெரிஞ்சிடும். பொழுதுபோறதே தெரியாது, எச்சரிக்கை!

2023 அக்டோபரில் அந்த நூலகத்தின் மீது சைபர் தாக்குதல். இணையச் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. நம்ம ஊர் முகங்களைப் பார்க்க, லண்டன் சர்வர் எழுந்திருக்கணும்! நல்லவேளை, மூலப்படம் நாட்டைவிட்டுப் போகக் கூடாது, டிஜிட்டல் பிரதி உள்ளூரிலும் இருக்கணும் என்பது திட்டத்தின் விதி. இலவசத் தளத்தைவிட இந்த விதிதான் பெரிய விஷயம்.

உங்க வீட்டு போட்டோவையும் ஸ்கேன் பண்ணி ரெண்டு இடத்தில் வைங்க. வாட்ஸ்அப்பில் அனுப்பினா ‘டாக்குமென்ட்’டா அனுப்புங்க, தரம் குறையாது. ஒரிஜினலைத் தூக்கிப் போட்டுடாதீங்க.