உரித்தலும் சீவுதலும்

ஆங்கிலத்திலே ‘பீல்’ என்றொரு வினைச்சொல் உண்டு. மேலுள்ள தோலோ பட்டையோ தானே நீங்குதலையும், பிறர் அதனை நீக்குதலையும் அவ்வொரு சொல்லே உணர்த்தும். எம் மாணவர் கையிலுள்ள சிற்றகராதிகள் ‘உரி’ என அதற்குப் பொருள் கூறி அமைகின்றன. அதனை நம்பி யானே ஒரு பிழை செய்தேன்.

மொழிபெயர்ப்புப் பயிற்சியொன்றில், கட்டுகஸ்தோட்டையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, ‘அம்மா உருளைக்கிழங்கைத் தோல் சீவி, அரிந்து, கறி சமைத்தாள்’ என எழுதியிருந்தாள். ‘சீவி’ என்பதைச் சிவப்பு மையாற் கீறி, ‘உரித்து’ எனத் திருத்தி, ஒரு புள்ளியையுங் குறைத்தேன். அவள் எழுந்து, “ஐயா, அவித்த கிழங்கையல்லவா உரிப்பது? பச்சைக் கிழங்கைச் சீவத்தானே வேண்டும்?” என்றாள். மறுமொழி கூற இயலாது புள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன்.

தோல் தன் எல்லையிலே கழன்று வருமாயின் அஃது உரித்தல். வாழைப்பழம், வெங்காயம், தேங்காய் யாவும் அவ்வகையின. கத்தியானது தோலோடு சிறிது சதையையுங் கொண்டுபோகுமாயின் அது சீவுதல். பாக்கைச் சீவினாற் கிடைப்பது சீவல். மரத்தை உரித்தாற் கிடைப்பது மரவுரி. இராமன் வனஞ்செல்கையில் உடுத்தது அது. சிவபெருமான் போர்த்த கரியுரியும் இவ்வாறு வந்த தொழிலாகுபெயரே.

மாத்தளைப் பக்கத்துக் கறுவாத் தோட்டங்களிலே இவ்வேறுபாட்டைக் கண்ணாற் காணலாம். வெட்டிய கொம்பின் புறத்தோலை முதலிற் சுரண்டி நீக்குவர். பின்னர்ப் பித்தளைக் கோலால் அழுத்தித் தேய்த்து உட்பட்டையை இளக்குவர். அதன் பின்னரே, கத்தியாற் கீறி, பட்டையை முழுதாக உரித்தெடுப்பர். அது காயுங்காற் சுருண்டு குழலாகும். சுரண்டவேண்டிய இடத்தில் உரிக்க முயன்றாலும், உரிக்கவேண்டிய இடத்திற் சுரண்டினாலும் பட்டை பாழ். ஆங்கிலத்திலோ அத்தொழிலாளிக்கு ‘பீலர்’ என்ற ஒரே பெயர்தான்.

இன்னொன்று. கண்டி மழையில் நனைந்த சுவரின் பூச்சு உரிகின்றது. கொய்யா மரத்தின் பட்டை உரிகின்றது. இவை தன்வினை. ‘சுவர்ப்பூச்சு உரிக்கின்றது’ என எழுதும் மாணவர் ஆண்டுதோறும் பெருகுகின்றனர். பூச்சு எதனை உரிக்கின்றதாம்? ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டிடத்தும் ஓர் உருவமே ஆதலால், அதன் நிழலிலே எமது ஒற்றெழுத்துப் பொருளிழந்து போகின்றது. இதற்கு நான் புள்ளி குறைப்பதை நிறுத்தப் போவதில்லை.

ஆயினும் அம்மாணவியின் வினா என்னை விட்டகலவில்லை. வகுப்பிலே அவள் எழுந்து கேட்டாள். பொதுப் பரீட்சையின் விடைத்தாளுக்கு அவ்வாய்ப்பு ஏது? திருத்துவோர்க்கு வழங்கும் விடைக்குறிப்பில் ‘உரி, சீவு, சுரண்டு: இடம் நோக்கிக் கொள்க’ என ஒரு வரி சேர்த்தல் பெருஞ் செலவன்று. எம் கல்லூரித் தவணைப் பரீட்சைக்கு அவ்வரியை எழுதிக் கொடுத்துவிட்டேன்.