உப்புக்காற்றில் 'ஒரிஜினல்' ஜல்லி

பழைய வண்டி ஒன்று கைக்குக் கிடைத்தால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ஒரிஜினலா?" என்பதுதான். பிரேக் பிடிக்குதா என்று கேட்பவர் குறைவு. ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடி வரை உள்ள கரையில் ஓடித் தேய்ந்த வண்டிகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் பெரும்பாலும் பதில் ஒன்றுதான்: இல்லை. புல்லட் ஃபிரேமில் வேறு வருடத்து இன்ஜின் இருக்கும். டேங்க் ஒரு வண்டியுடையது, முன்சக்கரம் இன்னொன்றுடையது, ஹெட்லைட் யாருடையது என்று அதற்கே தெரியாது. பின்னால் மீன் பெட்டி வைக்க இரும்பு ஆங்கிளில் பற்றவைத்த கேரியர். இதைப் பார்த்ததும் 'ரெஸ்டோரேஷன்' பிரியர்களுக்கு மூக்கு சுளிக்கிறது. "பேசாம பழைய இரும்புக்குப் போடு" என்கிறார்கள். இல்லையென்றால் அத்தனையையும் கழற்றி எறிந்துவிட்டு, கேட்லாக் படத்தில் இருப்பதுபோல மாற்றப் பணத்தைக் கொட்டச் சொல்கிறார்கள். இரண்டும் தப்பு. முதலாவது பிழைப்பைக் கெடுக்கும். இரண்டாவது, செய்கிற விதத்தில் செய்தால், ஆளையே கொல்லும்.

சரி, அந்த 'ஒரிஜினல்' என்னதான் என்று பார்ப்போம். புல்லட் இங்கிலாந்து வண்டி. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா உருவான பிறகு நம்ம திருவொற்றியூர் வண்டியாகிவிட்டது. ராஜ்தூத் 175-க்கு மூலம் போலந்து. மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனியின் ஜாவாவும் யெஸ்டியும் செக்கோஸ்லோவாக்கியா வழி வந்தவை; 1961-ல் உற்பத்தி தொடங்கிய அந்தத் தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. மூடிய கம்பெனியின் பாகம் எங்கே கிடைக்கும்? கிடைத்ததை மாட்டித்தான் ஓட்டினார்கள்.

இதைவிட வேடிக்கை டாரஸ். புல்லட் ஃபிரேமில் கிரீவ்ஸ் லொம்பார்தினி டீசல் இன்ஜினைத் தூக்கி வைத்து என்ஃபீல்டு கம்பெனியே விற்ற வண்டி அது. 325 சிசி, ஆறரை குதிரை சக்தி. வேகம் கிடையாது, ஆனால் எண்ணெய்ச் செலவு சொற்பம். அதே லொம்பார்தினி குடும்பத்து இன்ஜின்கள்தான் தமிழ்நாட்டுக் கரையில் வள்ளங்களையும் ஓட்டின. படகு இன்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைக்கு டீசல் புல்லட் ஒன்றும் அதிசயமில்லை. கம்பெனி செய்தால் 'மாடல்', கரையோர மெக்கானிக் செய்தால் 'கண்டம்' என்பது என்ன நியாயம்?

அடுத்தது, இந்த ஊரின் உப்பு. காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) உலோகங்கள் எப்படித் துருப்பிடிக்கின்றன என்று பார்ப்பதற்காகவே மண்டபத்தில் ஒரு சோதனை மையம் வைத்தது. தகடுகளை வெட்டவெளியில் வைத்துவிட்டு, எவ்வளவு தின்றது என்று அளப்பார்கள். அந்த ஊர்க்காற்றில் நிற்கும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் சம்பளம் வாங்காத சோதனைத் தகடுதான். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே காலமெல்லாம் பெயின்ட் அடித்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 1988 அக்டோபரில் சாலைப் பாலம் திறக்கும் வரை ராமேஸ்வரம் தீவுக்கு வண்டியை உருட்டிக்கொண்டு போகவே வழியில்லை. ரயிலில் அல்லது படகில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வண்டி இருபது முப்பது வருடம் ஓடியிருக்கிறதென்றால், அதில் உள்ள ஒவ்வொரு பொருந்தாத பாகமும் உப்பு தின்ற இன்னொரு பாகத்துக்குப் பதிலாக வந்தது. கிட்டத்தட்ட அந்த வண்டியின் மருத்துவக் குறிப்பேடு அது. அதைப் படிக்காமல் கழற்றி எறிபவர்தான் இங்கே அரைகுறை.

எப்படிப் படிப்பது? முதலில் எண்கள். சேஸிஸ் எண் புல்லட்டில் ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியில், இன்ஜின் எண் கேஸின் பக்கவாட்டில். துருவும் பெயின்டும் மூடியிருந்தால் கிரைண்டரை எடுக்கவே கூடாது. எண் போய்விடும், அப்புறம் போலீஸ் கேட்கும் கேள்விக்கு எந்த மெக்கானிக்கும் பதில் சொல்ல மாட்டார். மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றி ஊறவிட்டு, துடைத்து, சாக்பீஸைத் தேய்த்தால் எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இன்ஜின் எண் மட்டும் மாறியிருந்தால் அந்த இன்ஜின் வாங்கிய ரசீதைத் தேட வேண்டும். சேஸிஸ் எண்ணே பொருந்தவில்லை என்றால் வண்டியைக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவது உத்தமம். இதில் ரொமான்ஸ் எல்லாம் வேண்டாம்.

பிறகு கால்கள். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பலபேர் லிங்க் கம்பி போட்டு இதை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள்; சிலர் மாற்றவில்லை. இது தெரியாமல் இரவல் வாங்கி ஓட்டுபவர், குறுக்கே ஆடு ஓடிவந்தால் பழக்கத்தில் வலது காலை அமுக்குவார். முதல் கியர் மேலே, மற்றவை கீழே என்ற அமைப்பில் என்ன நடக்கும்? அடுத்த கியர் விழும், வண்டி நிற்காது. யெஸ்டியில் வேறு விளையாட்டு: கியர் லிவரைத் திருப்பினால் அதுவே கிக்கர். டேங்கில் ஒட்டியிருக்கும் பெயரை நம்பாமல், லிவர்களையும் ஒயர்களையும் நம்ப வேண்டும். 6 வோல்ட் டைனமோவில் 12 வோல்ட் பல்பு மாட்டியிருந்தால் ராத்திரி மின்மினிப் பூச்சி வெளிச்சம்தான் வரும். அதற்கு ஹெட்லைட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

இனி ரெஸ்டோரேஷன் ஆட்கள் செய்கிற பெரிய அநியாயம். அவர்கள் பெயின்டில் தொடங்குகிறார்கள்! பள்ளம் விழுந்த ஃபிரேமின் மேல் பட்டி தடவி, பளபளவென்று கோட்டிங் கொடுத்து, போட்டோ எடுத்துப் போட்டால் லைக் குவியும். உள்ளே விட்டுவைத்த துரு உள்ளேயே படரும். கோட்டிங்கில் ஒரு கல் தெறித்தால் போதும், ஈரம் அந்த வழியாகப் புகுந்து தோலுக்கு அடியில் வேலையைத் தொடரும். பளபளப்பு இருப்பதால் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. துரு தெரிகிற வண்டி நேர்மையான வண்டி, குறைந்தபட்சம் எங்கே அபாயம் என்று சொல்லிவிடுகிறது.

வேலை தலைகீழாக நடக்க வேண்டும். கேரியருக்காக ஃபிரேமில் வைத்த வெல்டிங் மூட்டுகள், ஷாக் அப்சார்பர் மாட்டும் இடம், டீசல் வண்டியென்றால் அந்த அதிர்வு தாங்கும் இன்ஜின் போல்ட்டுகள், இவைதான் முதல். அடுத்து பிரேக் ஷூ, கேபிள், ஸ்போக்ஸ். ஸ்போக்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் தளர்ந்தது செத்த சத்தம் போடும். அதற்குப் பிறகு ஒயரிங்: மேலுறை நன்றாக இருக்கும், உரித்தால் உள்ளே செம்பு கறுத்துப் பச்சை பூத்திருக்கும். பாதி 'இன்ஜின் கோளாறு' இங்கேதான் இருக்கிறது, குறிப்பாக எர்த் ஒயர் ஃபிரேமில் உட்காரும் இடத்தில். அலுமினிய கேஸில் இரும்பு போல்ட்டைக் காய்ந்தபடி முடுக்கக் கூடாது. நடுவே உப்புத்தண்ணீர் புகுந்தால் ஒரு குட்டி பேட்டரி உருவாகி அலுமினியம் கரையும், கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். வேறு கார்புரேட்டர் மாட்டியிருந்தால் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, இளம்பழுப்பு என்றால் விட்டுவிடலாம். 'அசல்' கார்புரேட்டரைத் தேடி அலைய அவசியமில்லை. பெயின்ட்? காசு மிஞ்சினால்.

சட்டத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஃபிரேமை அறுத்து விளையாடுபவருக்கு இது வேண்டியதுதான், அதில் சண்டையில்லை. ஆனால் 2021-ல் வந்த விதியைப் பாருங்கள்: ஐம்பது வயது தாண்டி, அசல் வடிவத்திலேயே இருக்கும் வண்டிக்கு 'விண்டேஜ்' பட்டமும் தனி எண் வரிசையும் உண்டு. அதை அன்றாடம் ஓட்டக் கூடாது. ஆக, ஷெட்டில் போர்வை போர்த்தி வைத்தால் பாரம்பரியம். மீன் சுமந்து குடும்பத்தைக் காப்பாற்றினால் குற்றப்பட்டியல். பாகம் கிடைக்காத பழைய வண்டியில் வேறு பாகம் போட்டவர், பிரேக்கையும் ஃபிரேமையும் சோதனைக்குக் காட்டி, முறையாகப் பதிந்துகொள்ள எளிய வழி ஒன்று வேண்டாமா? வழி இல்லாததால்தான் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கமே தலைவைக்காமல் ஓட்டுகிறார்கள். சோதித்திருந்தால் பிடிபட்டிருக்கும் விரிசல், ரோட்டில் போகும்போது பிடிபடுகிறது.

கரையில் செய்யும் மாற்றங்கள் எல்லாமே கிறுக்குத்தனம் என்று நினைப்பவர்கள் அந்த மீன் பெட்டிக்கு அடியில் குனிந்து பார்க்கலாம். பெட்டியில் ஐஸ் உருகி ஒழுகும் தண்ணீர், சங்கிலியையும் பின்சக்கரத்தையும் சைலன்சரையும் கடல் காற்றைவிட வேகமாகத் தின்னும். அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதிலிருந்து நீரைச் சக்கரத்துக்கு வெளியே இறக்க ஒரு ரப்பர் ஓஸ், அவ்வளவுதான் மருந்து. எந்த கேட்லாக்கிலும் இல்லாத பாகம் இது. இதைக் 'கண்றாவி' என்று கழற்றச் சொல்கிறவர், ஒரு மாதம் பாம்பனிலிருந்து பரமக்குடி வரை தன் குரோம் வண்டியில் மீன் ஏற்றிவிட்டு வந்து பேசட்டும்.