பழி கிரவுன் மேல், பிழை வேறு இடத்தில்

லாரியின் பின்பக்கம் 'டங்' என்று அடித்தால் யோசிக்கவே வேண்டாம், ஹவுசிங்கைத் திறந்து கிரவுன்–பினியனை மாற்றிவிடு என்று சென்ற இதழில் ஒருவர் அருளுரை வழங்கியிருக்கிறார். அதற்கு மூன்று சாட்சிகளையும் நிறுத்துகிறார். காலி வண்டியில் கேட்கும் சத்தம் லோடு ஏற்றினால் அடங்கிவிடுகிறது. கிரவுன் மாற்றியதும் சத்தம் நின்றுவிட்டது. ஓட்டுநர்கள் சொல்வதை நம்ப முடியாது. முதல் இரண்டு சாட்சிகளும் அவருக்கு எதிராகவே பேசுகின்றன. மூன்றாவது சாட்சியமே இல்லை, வெறும் திமிர்.

கிரவுன் பல்லுக்கு எப்போது வேலை அதிகம்? பாரத்தோடு மேட்டில் இழுக்கும்போது. பல் உடைந்திருந்தால் லோடு ஏறியபின் சத்தம் கூட வேண்டும். அடங்குகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது பட்டையை. ஷேக்கிள் பின்னும் புஷ்ஷும் தேய்ந்து விட்ட இடைவெளியில், காலி வண்டி குழியில் இறங்கும்போதெல்லாம் பட்டை துள்ளி அடிக்கும். பாரம் ஏறியதும் அந்த இடைவெளி ஒரு பக்கமாக அமுங்கிவிடும், சத்தமும் போய்விடும். ஹெல்பர் பட்டையும் அப்படித்தான்: காலியில் பிராக்கெட்டைத் தொடாமல் நிற்கும், குழியில் மட்டும் போய் மோதும். தன் வாதத்தைக் கவிழ்க்கும் ஆதாரத்தைத் தானே எழுதிவிட்டு, அது தெரியாமலே கையெழுத்தும் போட்டிருக்கிறார் நம் நிபுணர்.

கிரவுன் மாற்றியதும் சத்தம் நின்றதாம். அந்த வேலைக்கு என்னென்ன கழற்றினார்கள் என்று கேட்டாரா? புரோப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றாமல் கிரவுன் வெளியே வராது. திரும்ப மாட்டும்போது பிளேஞ்ச் போல்ட்டுகளை இறுக்குவார்கள், கிராஸுக்குக் கிரீஸ் அடிப்பார்கள். தளர்ந்த பிளேஞ்சும் தேய்ந்த கிராஸும்தான் கிளட்சை விடும்போது 'டங்' என்று அடிக்கும் பழைய குற்றவாளிகள். கால் வலி என்று வந்தவனுக்கு வயிற்றைக் கிழித்துவிட்டு, செருப்பை மாற்றியதால் வலி நின்றதை மறைக்கும் வைத்தியம் இது.

இதில் கூடுதல் ஆபத்தும் உண்டு. கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று உராய்த்துப் பொருத்திய ஜோடி. பல் இடைவெளியும் பேரிங் இறுக்கமும் சரியாக அமையாவிட்டால், ஊளையே இல்லாத வண்டி ஊளையிட ஆரம்பிக்கும்.

ஓட்டுநரை நம்பாதே என்பவர் வேறு யாரை நம்புவார்? சத்தம் எப்போது வருகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. கியர் மாற்றும்போதா? கிராஸையும் ஸ்லிப் ஜாயின்ட்டையும் பார். நியூட்ரலில் உருண்டு வேகத்தடை ஏறும்போதா? பட்டையைப் பார். பிரேக் பிடிக்கும்போதா? யூ போல்ட்டைப் பார். பத்துச் சக்கர வண்டியானால் டார்க் ராட் புஷ்ஷையும் பார். திரும்பும்போது மட்டுமா? அப்போது டிஃபரென்ஷியலின் ஸ்டார் பினியன்களைச் சந்தேகிக்கலாம். நேரே ஓடும்போது அவை தம் அச்சில் சுழல்வதில்லை. இதைச் சோதிக்கக் கொல்லிமலையின் 70 வளைவுகளும் ஏற வேண்டாம், காலி மைதானத்தில் எட்டுப் போட்டாலே தெரிந்துவிடும். சமதளத்தில் கட்டை போட்டு, இன்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ஷாஃப்ட்டைக் கையால் ஆட்டிப் பார்க்கவும், ஷேக்கிளைக் கடப்பாரையால் நெம்பிப் பார்க்கவும் காசு செலவில்லை. அதற்குப் பிறகும் கிரவுன் மேல் சந்தேகம் இருந்தால் ஹவுசிங் ஆயிலை வடித்துப் பாருங்கள். மை போன்ற பொடி வழக்கமானது. பல் துண்டு வந்தால் ஹவுசிங்கைத் திறக்கலாம்.

இந்த வரிசையைத் தாண்டிக் குதிக்கச் சொல்வது பணத்தோடு முடிகிற விஷயமில்லை. யூ போல்ட் தளர்ந்து சென்டர் போல்ட் அறுந்தால் ஆக்ஸிலே இடம் மாறும். புதுக் கிரவுன் போட்ட நம்பிக்கையில் அந்த வண்டி தொப்பூர் கணவாயில் பாரத்தோடு இறங்கும்போது, ஓட்டுநர் பக்கத்தில் இந்த நிபுணர் உட்கார்ந்திருக்க மாட்டார். தவணை கட்டும் முதலாளிக்கும் ஸ்டீயரிங் பிடிப்பவருக்கும்தான் அந்த இறக்கம்.

அடுத்த இதழில் அவர் பதில் எழுதட்டும், வரவேற்கிறேன். எழுதும் முன் ஒருமுறையாவது வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுதட்டும்.