போல்டா? ரூடா?



போன மாசம் எங்க வீட்டுக்கு ரேஷன் வாங்க நான்தான் போனேன். சீனி நிறுக்கும்போது, "அண்ணே, காலி டப்பாவை வச்சு சைபர் ஆக்கிட்டு அப்புறம் சீனி போடுங்க" என்று சொன்னேன். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. 'அண்ணே' என்று மரியாதையாகத்தான் சொன்னேன். உடனே வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "பொம்பளப் புள்ளைக்கு என்னா திமிரு பாரு" என்றார். எல்லாரும் என்னையே பார்த்தாங்க. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இந்த மாசம் ஆரம்பத்தில் எங்க பெரியப்பா மகன் அதே கடைக்குப் போனான். அதே கேள்வியைக் கேட்டான். அதே பெரியவர், "பய தைரியசாலிப்பா, நல்லா வருவான்" என்று அவன் தோளைத் தட்டினாராம். கேள்வி ஒன்று, தராசு ஒன்று. ஆனால் பேர் மட்டும் ஏன் ரெண்டு?

நம்ம ஊரில்தான் இப்படியோ என்று நினைத்து, நூலகப் பீரியடில் ஆங்கில அகராதியை எடுத்துப் பார்த்தேன். பார்த்தால் இங்கிலீஷ்காரர்களும் நம்மை மாதிரிதான்!

தைரியத்துக்கு அவங்க ஏணிப்படி மாதிரி சொற்கள் வைத்திருக்கிறாங்க. மேல்படியில் 'பிரேவ்', 'கரேஜ்'. தீயணைப்பு வீரரைச் சொல்லும் சொற்கள் இவை. 'கரேஜ்' என்பது இதயம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. நாம் 'நெஞ்சுரம்' என்கிறோமே, அதே மாதிரி. கடைசிப்படியில் 'ரூட்'. அதுவும் லத்தீன்தான். பண்படாதது, கரடுமுரடானது என்று அர்த்தம். வெட்கம் இல்லாதவர் என்பதற்கு 'இம்பூடன்ட்' இருக்கிறது. 'பிரேஸன்' என்றும் ஒரு சொல். பித்தளையால் செய்தது என்பது அதன் பழைய பொருள். பித்தளை முகத்துக்கு வெட்கம் ஏது என்று நினைத்தாங்க போல.

நடுப்படியில் இருக்கும் சொற்கள்தான் வேடிக்கை. அவை ரெண்டு பக்கமும் ஆடும். 'நெர்வ்' என்றால் நரம்பு. ஆபத்தில் தடுமாறாமல் நின்றால் நெர்வ் உள்ளவர் என்று புகழுவாங்க. பிடிக்காதவர் எதிர்த்துப் பேசினால் "என்ன நெர்வ்!" என்று திட்டுவாங்க. 'ஆடாசிட்டி'யும் அப்படித்தான். பெரும்பாலும் திட்டத்தான் பயன்படும். ஆனால் 2006-ல் பராக் ஒபாமா நம்பிக்கையைப் பற்றி எழுதிய தன் புத்தகத்தின் தலைப்பிலேயே அந்தச் சொல்லைப் பெருமையாக வைத்தார். 'போல்ட்' என்பதை நாம் பாராட்டாகச் சொல்கிறோம். அயர்லாந்தில் ஒரு குழந்தையை 'போல்ட்' என்றால் சேட்டைக்காரப் பிள்ளை என்று அர்த்தம். 'ஃபார்வர்டு' என்பவர் கால்பந்தில் கோல் போடுகிறவர். ஒரு பெண்ணை 'ஃபார்வர்டு' என்று அந்தக் காலத்தில் சொன்னால் அடக்கமில்லாதவள் என்று பொருள். இது எந்த ஊர் நியாயம்?

எல்லாவற்றிலும் என்னை யோசிக்க வைத்த சொல் 'இன்சொலென்ட்'. இதுவும் மரியாதையில்லாமல் பேசுவதுதான். ஆனால் பெரும்பாலும் சின்னவங்க பெரியவங்களிடம், வேலைக்காரர் முதலாளியிடம் பேசினால்தான் இந்தச் சொல் வரும். முதலாளி வேலைக்காரரைக் கண்டபடி திட்டினால் இந்தச் சொல் அவ்வளவாக வராது. அப்படி என்றால் என்ன பேசினோம் என்பதை மட்டும் பார்த்து யாரும் பேர் வைப்பதில்லை. யார் பேசினாங்க என்று பார்த்தும் வைக்கிறாங்க.

வரலாற்றிலும் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் பெண்கள் ஓட்டுரிமை கேட்டுப் போராடினார்கள். 1906-ல் ஒரு லண்டன் பத்திரிகை அவங்களைக் கேலி செய்து 'சஃப்ரஜெட்' என்று பேர் வைத்தது. அந்தப் பெண்கள் கூனிக் குறுகவில்லை. அந்தப் பேரையே எடுத்துக்கொண்டு, 1912-ல் தங்கள் பத்திரிகைக்கே அதைத் தலைப்பாக வைத்தார்கள். 1918-ல் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் பலருக்கு ஓட்டு கிடைத்தது. 1928-ல் ஆண்களைப் போலவே 21 வயதான பெண்கள் எல்லாருக்கும் கிடைத்தது. கேலிப் பேர் இன்றைக்கு மரியாதைப் பேர் ஆகிவிட்டது.

அதற்காக யாரிடமும் எப்படியும் பேசலாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். எங்க பாட்டிக்குக் காது மந்தம். ஒரு நாள் ஒரே விஷயத்தை மூணு தடவை கேட்டாங்க என்று எரிந்து விழுந்தேன். பாட்டி ஒன்றும் சொல்லாமல் திண்ணைக்குப் போயிட்டாங்க. அன்றைக்கு வீட்டில் யாருமே என்னைத் திமிர் பிடித்தவள் என்று சொல்லவில்லை. ஆனால் உண்மையான 'ரூட்' அதுதான். ரேஷன் கடையில் நான் பேசியது இல்லை.

அதனால் எனக்கு நானே மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன்.

1. நான் சொல்வது உண்மையா?
2. மரியாதையாகச் சொன்னேனா?
3. பதில் சொல்ல முடிந்தவரிடம் கேட்கிறேனா, இல்லை பாட்டியைப் போல எதிர்த்துப் பேசாதவங்க மேல் பாய்கிறேனா?

மூன்றுக்கும் சரியான பதில் இருந்தால் அது துணிச்சல். யார் என்ன பேர் வைத்தாலும் துணிச்சல்தான்.

தோழிகளே, ஒரு வேண்டுகோள். வகுப்பில் ஒருத்தி எழுந்து சந்தேகம் கேட்டால், "ஓவரா பண்றா" என்று பின் பெஞ்சில் இருந்து சொல்வது நாம்தானே? அதை முதலில் விடுவோம். ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பணிவாக ஒன்று சொல்கிறேன். நாங்கள் கேட்கும் கேள்வியை முதலில் முழுசாகக் கேளுங்கள். அது திமிரா தைரியமா என்பதைப் பிறகு சொல்லுங்கள். தப்பாகப் பேசியிருந்தால் திருத்திக்கொள்கிறோம்.

அடுத்த மாசம் ரேஷனுக்கு நானே போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். காலி டப்பாவை வைத்து சைபர் ஆக்கச் சொல்லித்தான் கேட்பேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி